காந்த ஊசியும் தாது வருடப் பஞ்சமும்



மலாயாத் தமிழரின் வரலாறு என்றதும் நம் நினைவுக்கு வருபவை கப்பல், கங்காணி, பால்மரக் காடு, பெரட்டுக்களம் ஆகியவைதாம். அவற்றைப் பற்றிப் பலர் எழுதிவிட்டனர், இன்னும் எழுதுவர். இப்பதிவில் அவற்றோடு எவ்விதத் தொடர்பும் இல்லாதது போலத் தோன்றும் ஒன்றைப் பற்றி எழுத விழைகிறேன். அது பட்டுநூலில் தொங்கவிடப்பட்ட ஒரு காந்த ஊசியின் வரலாறு. அந்த ஊசி சிங்கப்பூரிலும், பொதிகை மலையிலும், பம்பாயின் கொலாபாவிலும், கொடைக்கானலிலும் கதிரவனின் கோபதாபங்களைப் பதிவு செய்தது. சுற்றி வளைத்துப் பார்த்தால் நம் முன்னோரை ஊரைவிட்டு விரட்டிய பஞ்சத்தின் பக்கமும் அது நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. சற்றுப் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

ஆறாம் ஆண்டு மாணவனும் அறிவான், காந்த ஊசி வடக்கைக் காட்டும் என்று. ஆனால் அது அசையாமல் ஒரே திசையைக் காட்டிக்கொண்டிருப்பதில்லை. நாள்தோறும் காலையில் ஒரு பக்கமாகச் சிறிது நகர்ந்து, பிற்பகலில் திரும்பி வருகிறது. ஒரு பாகையில் சிறு பகுதியே நகர்வதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இலண்டனில் 1722-இல் கிரகாம் என்னும் கடிகாரக் கைவினைஞர் இதனைக் கண்டறிந்தார். சில நாள்களில் ஊசி முன்னறிவிப்பின்றித் துடிக்கும். மணிக்கணக்கில் அமைதியற்றுத் தவிக்கும். இதற்குக் காந்தப்புயல் என்று பெயரிட்டவர் செருமானிய அறிஞர் அம்போல்ட்டு. பெயர் வந்துவிட்டது, காரணம்தான் எவருக்கும் விளங்கவில்லை. பூமிக்குள்ளிருந்து வருகிறதா, காற்று மண்டலத்திலிருந்து வருகிறதா, அல்லது அதற்கும் அப்பாலிருந்தா?

கௌசு, வேபர் ஆகிய இரு செருமானியர் 1830-களில் ஒரு வழி சொன்னார்கள். ஓர் ஊரில் மட்டும் பார்த்தால் பயனில்லை. உலகின் பல மூலைகளிலும் ஒரே நொடியில் பார்க்க வேண்டும். அவர்கள் ஏற்படுத்திய காந்தச் சங்கத்தில், குறிப்பிட்ட சில நாள்களில் இருபத்து நான்கு மணி நேரமும் ஐந்து நிமிடத்திற்கு ஒரு முறை ஊசியைப் பார்த்து எழுதுவர். எல்லோருக்கும் பொதுவான நேரம் அவர்கள் வாழ்ந்த கோட்டிங்கன் நகரின் நேரம். அம்போல்ட்டு 1836-இல் இலண்டன் அரசக் கழகத்தின் தலைவருக்குக் கடிதம் எழுதி, பிரித்தானியரும் தங்கள் குடியேற்ற நாடுகளில் இத்தகைய நிலையங்களை அமைக்குமாறு கேட்டுக்கொண்டார். டொரொன்டோ, செயிண்ட் எலனா தீவு, நன்னம்பிக்கை முனை, ஓபார்ட் ஆகிய இடங்களில் அரசாங்கம் அமைத்தது. கிழக்கிந்தியக் கும்பினியும் தன் பங்குக்குச் சென்னை, சிம்லா, பம்பாய், சிங்கப்பூர் ஆகிய நான்கு இடங்களைத் தேர்ந்தெடுத்தது.

ஆம், நம் அண்டை வீடான சிங்கப்பூர்தான். இது நம்மில் பலருக்குத் தெரியாது.

சிங்கப்பூர்க் காந்த ஆய்வுக்கூடம் 1841-இல் தொடங்கியது. பொறுப்பேற்றவர் சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த சார்லசு மார்கன் எலியட்டு. கும்பினி அதிகாரிகளுக்கு அயர்லாந்தின் டப்ளின் நகரில் அம்ப்ரி லாயிடு என்னும் பேராசிரியர் பயிற்சி அளித்திருந்தார். கருவியின் அமைப்பு எளிமையானது. முறுக்கில்லாத பட்டு இழைகளில் ஒரு காந்தச் சட்டம் தொங்கும். காற்றுப் படாமலிருக்க அதனை ஒரு பெட்டிக்குள் வைத்திருப்பர். சில அடி தள்ளி ஒரு சிறு தொலைநோக்கி. அதன்வழி அளவுகோலின் எண்ணைப் படிக்க வேண்டும். அருகில் சென்றால் மனிதனின் சட்டைப் பையிலிருக்கும் சாவிக்கொத்தே ஊசியை அசைத்துவிடும் அல்லவா? ஆகவே இத்தகைய கட்டடங்களில் இரும்பு ஆணிகூட இருக்கலாகாது. செம்பு ஆணியும் மரமுளையும்தாம்.

சிங்கப்பூருக்கும் கோட்டிங்கனுக்கும் ஏறத்தாழ ஆறே கால் மணி நேர வேறுபாடு. அங்கே நள்ளிரவு என்றால் இங்கே விடிந்துவிடும். ஆனாலும் இங்கிருந்த கணக்காளன் அந்நகரின் கடிகாரத்துக்கே கட்டுப்பட வேண்டும். கொசுக்கடியில், எண்ணெய் விளக்கில், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தொலைநோக்கியில் கண்ணை வைத்து ஓர் எண்ணை எழுதும் வேலை. அந்த எண் எதற்கு என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். சொல்லவேண்டியவர்களுக்கே தெரியாதே!

எலியட்டின் நிலையம் 1845 வரை இயங்கியது. பின்னர் அவர் 1846 முதல் 1849 வரை கீழைத் தீவுக்கூட்டமெங்கும் சென்று காந்த அளவீடுகளை எடுத்தார். சாவகம், சுமத்ரா, போர்னியோ எனப் பல இடங்களில் எடுத்த அந்த அளவீடுகள் 1851-இல் அரசக் கழகத்தின் இதழில் வெளிவந்தன. நிலாவின் ஈர்ப்பினால் கடலில் ஓதம் எழுவதுபோலக் காற்று மண்டலத்திலும் ஓதம் உண்டு என்பதை, சிங்கப்பூரின் காற்றழுத்தக் குறிப்புகளைக்கொண்டு அவர் 1852-இல் காட்டியதும் குறிப்பிடத்தக்கது. வெறும் நான்கைந்து ஆண்டுக் குறிப்பேடு இவ்வளவு தந்திருக்கிறது.

சிங்கப்பூரின் எண்கள் இன்னொரு விந்தையையும் காட்டின. ஐரோப்பாவில் ஊசியின் அன்றாட அசைவு ஆண்டு முழுவதும் ஒரே போக்கில் இருக்கும். சிங்கப்பூரிலோ ஆண்டின் ஒரு பாதியில் ஒரு போக்கு, மறு பாதியில் அதற்கு நேர் எதிர்ப்போக்கு. கதிரவன் நம் தலைக்கு வடக்கே செல்கிறதா தெற்கே செல்கிறதா என்பதை ஊசி அறிந்து வைத்திருந்தது. செயிண்ட் எலனாவிலும் இதே கதை. இக்குறிப்புகளையெல்லாம் இலண்டனில் தொகுத்தவர் எட்வர்டு சபைன் என்னும் படை அதிகாரி. அவர் 1852-இல் அறிவித்த முடிவுதான் இத்துறையின் திருப்புமுனை.

அதனை விளக்குமுன் ஒரு மருந்துக்கடைக்காரரைச் சொல்லவேண்டும். தெசாவு என்னும் செருமானிய ஊரில் சுவாபே என்பவர் 1826 முதல் நாள்தோறும் கதிரவனின் கரும்புள்ளிகளை எண்ணி வந்தார். உண்மையில் அவர் தேடியது புதனுக்கும் உள்ளே சுற்றும் ஒரு புதிய கோளை. கோள் கிடைக்கவில்லை. பதினேழு ஆண்டுகள் எண்ணியபின் 1843-இல், புள்ளிகள் ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒரு முறை பெருகியும் குறைந்தும் வருகின்றன என்று எழுதினார். அப்போது எவரும் பொருட்படுத்தவில்லை. அம்போல்ட்டு தம் நூலில் 1851-இல் அதனை எடுத்துரைத்த பிறகே உலகம் கவனித்தது. சபைன் தம்மிடமிருந்த டொரொன்டோ, ஓபார்ட் ஏடுகளைப் புரட்டினார். காந்தப்புயல்கள் 1843-இல் மிகக் குறைந்து 1848-இல் மிகப் பெருகியிருந்தன. சுவாபேயின் புள்ளிகளும் அவ்வாறே. பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கதிரவனின் முகத்தில் புள்ளி தோன்றினால், பூமியில் ஓர் இருட்டறையில் தொங்கும் ஊசி நடுங்குகிறது!

பொதிகைமேல் ஓர் ஆய்வுக்கூடம்

தமிழராகிய நமக்கு இந்த வரலாற்றில் மிகவும் இனிக்கும் பகுதி இதுவே என்பேன்.

திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் இசைவாணராக அறியப்படுபவர். அவர் 1837-ஆம் ஆண்டளவில் திருவனந்தபுரத்தில் ஒரு வானாய்வகத்தை நிறுவியதைப் பலர் அறியார். முதல் இயக்குநர் கால்டிகாட்டு 1849-இல் இறந்தார். அவருக்குப் பின் 1852 தொடக்கத்தில் வந்து சேர்ந்தவர் இசுகாத்துலாந்தைச் சேர்ந்த சான் ஆலன் புரௌன்.

புரௌன் ஓர் ஓயாத மனிதர். ஊசியின் அசைவு உயரத்தைப் பொறுத்து மாறுமா என்று அறிய விரும்பினார். அதற்கு ஒரு மலையுச்சி வேண்டும். அவர் தேர்ந்தெடுத்தது அகத்தியமலை. தமிழ் தந்த முனிவர் வாழ்வதாக நம் முன்னோர் போற்றிய அதே பொதிகையின் கொடுமுடிதான்! ஆறாயிரம் அடிக்கும் மேற்பட்ட உயரம். யானை நடமாடும் காடு. பாதை கிடையாது. குளிரையும் காற்றையும் கண்ட சமவெளி ஆட்கள் அஞ்சினர். மரமும் கருவியும் தலைச்சுமையாகவே ஏறின. 1855-இல் அங்கே ஓர் ஆய்வுக்கூடம் எழுந்தது. மலைமேலும் அடிவாரத்திலும் ஒரே நேரத்தில் ஊசிகள் படிக்கப்பட்டன. பின்னாளில் காற்றும் மழையும் அக்கட்டடத்தைச் சிதைத்தன. மீண்டும் எடுத்துக்கட்டி அளவீட்டைத் தொடர்ந்தார்கள். படித்தவர்கள் பெரும்பாலும் அவர் பயிற்றுவித்த உள்ளூர் உதவியாளர்களே. புரௌன் 1865-இல் ஐரோப்பா திரும்பினார். திருவனந்தபுரம், அகத்தியமலை ஆகிய இரு இடங்களின் ஏடுகளையும் கொண்ட பெருந்தொகுதி 1874-இல் இலண்டனில் அச்சேறியது.

இந்த உழைப்பின் பயன் என்ன? மலைமேலும் கீழும் ஊசியின் அசைவில் பெரிய வேறுபாடு இல்லை. அப்படியானால் அசைவின் காரணம் மலையளவு உயரத்தைவிட மிகவும் மேலே இருக்க வேண்டும். அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. காந்தப்புயல் வீசும்போது பூமியின் கிடைக்காந்த விசை உலகெங்கும் ஒரே சமயத்தில் குறைகிறது. ஏறத்தாழ 26 நாள் இடைவெளியில் அமைதியின்மை திரும்பத் திரும்ப வருகிறது என்று அவர் காட்டினார். கதிரவன் தன்னைத்தானே ஒரு முறை சுற்றிக்கொள்ளும் காலம் ஏறத்தாழ அதுவே. கதிரவனின் ஏதோ ஒரு பக்கம் பூமியை நோக்கித் திரும்பும்போதெல்லாம் ஊசி கலங்குகிறது என்பது இதன் பொருள். அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது 1973-இல் சுகைலேப் விண்வெளி நிலையம் சென்ற பிறகே தெளிவாயிற்று. கதிரவனின் ஒளிவட்டத்தில் துளைகள் போன்ற பகுதிகள் உள்ளன. அவற்றிலிருந்து விரைவான துகள்காற்று வீசுகிறது.

புரௌன் அறியாத இன்னொன்றும் உண்டு. கிடைமட்டத்தில் தடையின்றித் தொங்கும் ஊசி மேலும் கீழும் சாயாமல் நிற்கும் இடங்களை இணைத்தால் வருவது காந்த நடுக்கோடு. அது திருவனந்தபுரம், திருநெல்வேலி வட்டாரத்தின் வழியே செல்கிறது. அக்கோட்டுக்கு நேர்மேலே, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் ஒரு மின்னாறு கிழக்கு நோக்கி ஓடுகிறது. 1951-இல் சாப்மன் என்பவர் அதற்குப் பெயர் சூட்டினார். இந்தியாவின் முதல் ஏவூர்தி 1963 நவம்பர் 21-ஆம் நாள் தும்பாவிலிருந்து செலுத்தப்பட்டதற்குக் காரணமும் இந்த மின்னாறுதான். தும்பா அதற்கு அடியிலேயே இருக்கிறது. இன்றும் திருநெல்வேலிக்கு அருகே கிருட்டிணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் கழகத்தின் ஆய்வுக்கூடம் இதனை அளந்து வருகிறது.

அக்கோட்டைக் கிழக்கே நீட்டினால் வங்கக் கடலைக் கடந்து தென் தாய்லாந்தின் வழியே செல்லும். நாம் அதற்குச் சற்றுத் தெற்கே வாழ்கிறோம். ஆகவே சுவாவிலோ போர்ட்டிக்சனிலோ ஓர் ஊசியைத் தடையின்றித் தொங்கவிட்டால் அதன் வடமுனை சற்றே மேல் நோக்கும். சென்னையில் அதே ஊசியின் வடமுனை கீழ் நோக்கும். கடல் கடந்தபோது நம் முன்னோரின் காலடியில் இப்படியும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது; அவர்கள் அதனைக் கண்டிருக்க வழியில்லை.

1859 செப்டம்பர்

பம்பாயின் கொலாபாவில் கும்பினி 1826-இல் கட்டிய வானாய்வகத்தில் 1841 முதல் காந்த அளவீடுகள் தொடங்கின. தொடக்க நாள்களில் அங்கு வேலைக்கு எடுக்கப்பட்ட உள்ளூர் இளைஞர்களுள் ஒருவர் கேரு இலட்சுமண் சாத்ரே. பின்னாளில் பெரும் கணிதப் பேராசிரியராகிப் பாலகங்காதர திலகருக்கே ஆசிரியராக விளங்கியவர் அவர். ஊசி பார்க்கும் வேலையை இழிவாக எண்ணவேண்டியதில்லை என்பதற்காக இதனைச் சொல்கிறேன்.

1859 செப்டம்பர் முதல் நாள் இலண்டன் அருகே காரிங்டன் என்பவர் கதிரவனின் உருவத்தைத் திரையில் வீழ்த்திக் கரும்புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தார். முற்பகல் 11.18-க்குப் புள்ளிக் கூட்டத்தின் மேல் இரண்டு வெண்சுடர்கள் பளிச்சிட்டன. ஐந்து நிமிடத்தில் மறைந்தன. அந்நேரம் பம்பாயில் மாலை நான்கு மணி கடந்திருந்தது. ஏறத்தாழப் பதினேழரை மணி நேரம் கழித்து, பம்பாயில் மறுநாள் காலை பத்து மணிக்குச் சற்று முன், வரலாறு கண்ட மிகப் பெரிய காந்தப்புயல் பூமியைத் தாக்கியது. அமெரிக்காவில் மின்கலத்தைக் கழற்றிவிட்டு வானிலிருந்து வந்த மின்னோட்டத்தைக்கொண்டே தந்தி அனுப்பினார்கள். வெப்பமண்டலத்தை அண்டிய நாடுகளிலும் வானம் சிவந்தது.

இங்கிலாந்தில் அப்போது ஒளிப்படத் தாளில் தானே பதியும் கருவிகள் இருந்தன. புயல் உச்சத்தை அடைந்தபோது கியூ ஆய்வகத்தில் ஒளிப்புள்ளி தாளைவிட்டே வெளியே ஓடிவிட்டது! கொலாபாவில் அத்தகைய கருவிகள் வந்தது 1870-களில்தான். அங்கிருந்தவை மனிதரின் கண்களே. வழக்கமாக மணிக்கு ஒரு முறை பார்ப்பவர்கள், ஊசி துடிக்கத் தொடங்கியதும் விதிப்படி சில நிமிடங்களுக்கு ஒரு முறை பார்த்து எழுதினர். எழுதிய ஏடு அச்சாகி நூலகத்தில் உறங்கியது.

நூற்று நாற்பத்து நான்கு ஆண்டுகள் உறங்கியது. 2003-இல் சுருதானி, கான்சாலசு ஆகியோரும் புவிக்காந்தவியல் கழகத்தின் இலாகினா, அலெக்சு ஆகியோரும் அந்த எண்களை எடுத்து ஆராய்ந்தனர். கிடைக்காந்த விசை ஏறத்தாழ 1,600 நானோதெசுலா சரிந்திருந்தது. பம்பாயின் இயல்பான அளவில் ஏறத்தாழ நான்கு விழுக்காடு. 1989 மார்ச்சு 13-இல் கனடாவின் கியூபெக்கில் அறுபது இலட்சம் மக்களை ஒன்பது மணி நேரம் இருளில் ஆழ்த்திய புயலின் அளவு 600-ஐ எட்டவில்லை. இரண்டையும் அப்படியே ஒப்பிடுவது முறையன்று. ஒன்று ஓர் ஊரின் அளவு, மற்றது பல ஊர்களின் மணிச் சராசரி. கொலாபாவின் அந்தப் பெருஞ்சரிவு முழுவதும் பூமியைச் சூழ்ந்த மின்வளையத்தால் விளைந்ததா, வேறு மின்னோட்டங்களும் சேர்ந்தனவா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகின்றனர். வாதிடுவதற்கு அவர்களுக்கு ஓர் ஏடு இருக்கிறது. அன்று முற்பகல் அந்த அறையில் இருந்தவர் 'இன்று ஊசிக்கு ஏதோ கோளாறு' என்று எழுந்து போயிருந்தால் அதுவும் இருந்திருக்காது.

மின்சாரம் வந்தபோது கொலாபாவின் காலம் முடிந்தது. பம்பாயின் குதிரைத் டிராம்களை மின் டிராம்களாக மாற்றத் திட்டமிட்டனர். தண்டவாளத்தில் மின்சாரம் ஓடினால் ஊசி பொய் சொல்லும். அப்போதைய இயக்குநர், அப்பதவியை ஏற்ற முதல் இந்தியரான நானாபாய் மூசு, கடலுக்கு அப்பால் அலிபாக்கில் புது நிலையத்தைக் கட்டி, 1904 முதல் 1906 வரை இரண்டு இடங்களிலும் ஒரே நேரத்தில் அளந்து, தொடர்ச்சி அறுபடாமல் மாற்றினார். மின் டிராம் 1907-இல் ஓடத் தொடங்கியது.

பஞ்சமும் புள்ளிகளும்

இனி, தொடக்கத்தில் சொன்ன பஞ்சத்துக்கு வருவோம்.

தாது வருடப் பஞ்சம் என்று தமிழ்நாட்டுக் கிராமங்களில் இன்றும் பேசப்படும் பெரும்பஞ்சம் 1876 முதல் 1878 வரை நீடித்தது. இறந்தோர் ஐம்பது இலட்சத்துக்கும் மேல் என்பது பொதுவான மதிப்பீடு. நிவாரணப் பணியில் கல்லுடைத்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு இராத்தல் தானியமும் சிறு காசும் கூலி என்று ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரி 1877-இல் வகுத்தார். அதே காலத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டும் இருந்தது. வயிறு காய்ந்தவர்கள் ஊரைவிட்டார்கள். இலங்கைக் காப்பித் தோட்டத்துக்குச் சென்றவர் மிகப் பலர். பர்மாவுக்கும், பினாங்கையும் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களையும் நாடிச் சென்றவரும் உண்டு. நெகிரி செம்பிலானின் பால்மரக் காடுகள் அதற்கு ஒரு தலைமுறைக்குப் பின்னரே வந்தன. ஆனால் 'கடல் தாண்டினால் பிழைக்கலாம்' என்ற வழி அந்த ஊர்களின் மனத்தில் அழுந்தப் பதிந்தது அப்பஞ்சத்தில்தான் என்பது என் துணிபு.

பஞ்சம் நடந்துகொண்டிருக்கும்போதே வில்லியம் அண்டர் என்னும் அரசாங்கப் புள்ளியியல் தலைவர் 1877-இல் ஒரு நூலை வெளியிட்டார். சென்னை நகரின் மழைக்கணக்கைப் பல்லாண்டுகளுக்குத் தொகுத்து, கரும்புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் மழையும் குறைகிறது, பஞ்சம் வருகிறது என்று அதில் வாதிட்டார். அந்த ஆண்டும் புள்ளி குறைந்த ஆண்டே. பெயர்பெற்ற வானியலாளர் நார்மன் லாக்கியரும் அவருடன் சேர்ந்து எழுதினார். பூமியின் ஊசியைக் கதிரவன் ஆட்டுகிறது என்று சபைன் மெய்ப்பித்தபின், மழையையும் அதுவே ஆட்டுகிறது என்று எண்ணுவது பெரிய தாவல் அன்று. கதிரவனை நாள்தோறும் படம்பிடித்தால் அடுத்த பஞ்சத்தை முன்கூட்டியே அறியலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. டேராடூனில் 1878 முதல் அன்றாடச் சூரியப் படங்கள் எடுக்கப்பட்டன.

இக்கருத்தில் ஓர் உள்வசதியும் இருந்தது என்பதை மறக்கலாகாது. பஞ்சத்துக்குக் காரணம் கதிரவன் என்றால் வரியையும் ஏற்றுமதியையும் எவரும் கேள்வி கேட்கவேண்டியதில்லை. அண்டரோ லாக்கியரோ அந்த எண்ணத்தோடு எழுதினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அரசாங்கத்தின் காதுக்கு அது கசக்கவில்லை.

சென்னை வானாய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சன், தென்னிந்திய மலை ஒன்றில் சூரிய ஆய்வகம் வேண்டும் என்று 1882-இல் கேட்டார். (அவருடைய உதவியாளர் இரகுநாதாச்சாரி 1867-இல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டறிந்தவர், தனிப் பதிவு எழுதத்தக்கவர்.) போக்சன் 1891-இல் மறைந்தார். அவருக்குப்பின் வந்த மிச்சி சுமித்து நீலகிரி, பழனி மலைகளை ஆராய்ந்து கொடைக்கானலைத் தேர்ந்தார். 1895-இல் சென்னை ஆளுநர் வென்லாக்கு அடிக்கல் நாட்டினார். 1899-இல் சென்னையின் வானியல் பணி நிறுத்தப்பட்டு, கருவிகள் மலையேறின. அங்கே காந்த அளவீடுகளும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தொடங்கின. 1904 முதல் கதிரவனின் ஒளிப்படங்கள் கண்ணாடித் தகடுகளில் நாள்தோறும் எடுக்கப்பட்டன. 1907-இல் வந்த சான் எவர்செட்டு 1909 சனவரியில், கரும்புள்ளியின் மையத்திலிருந்து வெளிநோக்கி வாயுக்கள் பாய்வதைக் கண்டறிந்தார். உலகெங்கும் பாடநூல்களில் அவர் பெயராலேயே அது வழங்குகிறது.

மழை? அந்த நம்பிக்கை பொய்த்தது. இந்திய வானிலைத் துறைக்கு 1904-இல் தலைமையேற்ற கில்பர்ட்டு வாக்கர் கணிதத்தில் வல்லவர். கரும்புள்ளிக்கும் மழைக்கும் உள்ள உறவைக் கணக்கிட்டு, நம்பத்தக்க தொடர்பு இல்லை என்ற முடிவுக்கு வந்தார். உலகெங்கும் உள்ள காற்றழுத்தக் குறிப்பேடுகளைத் துழாவியபோது அவருக்கு வேறொன்று கிடைத்தது. பசிபிக் கடலின் ஒரு பக்கம் அழுத்தம் ஏறும்போது இந்தோனேசியா, வட ஆசுத்திரேலியாப் பக்கம் இறங்குகிறது, பின்னர் மாறுகிறது. ஊஞ்சல் போன்ற இவ்வாட்டத்துக்கு 1920-களில் அவர் பெயரிட்டார். இதுவே எல்-நினோவின் மறுபக்கம் என்பதனை 1969-இல் பியர்க்னசு விளக்கினார். 1877-78-இல் மிகக் கடுமையான எல்-நினோ நிகழ்ந்தது என்பது இப்போது நன்கறியப்பட்ட செய்தி. மழை பொய்த்தமைக்கான காரணம் கதிரவனின் முகத்தில் இல்லை. நம் தீவுக்கூட்டத்தைச் சூழ்ந்த வெதுவெதுப்பான கடலில் இருந்தது. மழை பொய்த்தது கடலால். மக்கள் மாண்டது கடலால் மட்டும் அன்று.

தவறான நம்பிக்கையில் பிறந்த கொடைக்கானல் நூற்றாண்டைக் கடந்தும் கதிரவனைப் படமெடுக்கிறது. ஒரே இடத்தில் இவ்வளவு நீண்ட காலம் எடுக்கப்பட்ட சூரியப் படத்தொகுதிகள் உலகில் மிகச் சில. அக்கண்ணாடித் தகடுகள் அண்மைக் காலத்தில் கணினியில் ஏற்றப்பட்டு, எந்நாட்டு ஆய்வாளரும் பயன்படுத்தும் நிலையில் உள்ளன.

நம் நாட்டுச் செய்தியையும் சொல்லிவிடுகிறேன். லங்காவித் தீவில் சப்பானின் கியூசூ பல்கலைக்கழகத்தின் உலகளாவிய வலையமைப்பைச் சேர்ந்த காந்தமானி ஒன்று நிறுவப்பட்டது. மேற்சொன்ன மின்னாற்றின் விளைவை நம் நாட்டிலிருந்து அளப்பதற்கு ஏற்ற இடம் லங்காவியே. 2023 செப்டம்பர் 2-ஆம் நாள் இந்தியா ஏவிய ஆதித்தியா விண்கலம் 2024 சனவரி 6-இல் பூமியிலிருந்து பதினைந்து இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிலைகொண்டு கதிரவனைப் பார்க்கத் தொடங்கியது. அத்திட்டத்தின் இயக்குநர் நிகர் சாசி, செங்கோட்டையில் பிறந்த தமிழ்ப்பெண். மேற்குத் தொடர்ச்சி மலையின் சாரல் விழும் ஊர் அது. நான்கே மாதத்தில், 2024 மே 10-ஆம் நாள், இரண்டு பத்தாண்டுகளில் காணாத காந்தப்புயல் வீசியது. இலடாக்கின் ஆன்லே கிராமத்தில் வானம் செந்நிறமானதைப் படமெடுத்தார்கள்.

இவற்றையெல்லாம் படிக்கும்போது எனக்கு நம் தோட்டத்துக் கிராணிமார்களின் நினைவு வருகிறது. அலுவலகத்துக்கு முன்னால் புல்தரையில் ஒரு மழைமானி இருக்கும். காலையில் மழை பெய்தால் பால்மரம் வெட்ட முடியாது. வெட்டாவிட்டால் கூலி இல்லை. ஆகவே மழைக்கணக்கு தோட்டத்தில் விளையாட்டு அன்று. நாள்தோறும் ஒருவர் அளந்து, செக்ரோலுக்குப் பக்கத்தில் இருந்த நீளக் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, பல இடங்களில் வீடமைப்புப் பகுதிகளும் வந்தபோது அந்த ஏடுகள் எங்கே போயின? எங்கள் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் அலுவலகத்தை இடித்தபோது அவை மற்றக் காகிதங்களோடு எரிக்கப்பட்டன என்று முதியவர் ஒருவர் சொன்னார். ஐம்பது ஆண்டு மழை, ஒரு பிற்பகலில் சாம்பல்.

சுவா, லுக்குட், போர்ட்டிக்சன் வட்டாரத்தில் எவர் வீட்டிலாவது தாத்தா எழுதிய மழைக்கணக்கு, நாள்குறிப்பு, பழைய செக்ரோல் இருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். ஏட்டைத் தரவேண்டியதில்லை. நான் வந்து படியெடுத்துக்கொள்கிறேன்.